பம்ப் ரிப்பேர் ஆகியிருக்கிறது

எனக்குச் சகலைமேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, "அட, விஷயம் இவ்வளவுதானா" என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். இரண்டு பேருக்கும் குடிநீர் வழங்கும் அலுவலகத்தில்தான் உத்தியோகம். நான் பம்ப் மெக்கானிக். பதினெட்டு வருஷமாக ஊரிலுள்ள அத்தனை பம்புகளுக்கும் நான்தான் வைத்தியம் பார்க்கிறேன். அவர் ஸ்டோர் கிளார்க். ஸ்பேனரை எடுத்து வெளியே நீட்டுவார், சாயங்காலம் திரும்ப வாங்கி ஆணியில் மாட்டுவார். நடுவில் அந்த ஸ்பேனரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட மனுஷர், ஃபோர்மேன் பதவிக்கு எனக்குப் போட்டியாக வந்து நின்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

எல்லாவற்றுக்கும் காரணம் பிரசென்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ்.

புதிதாக வந்த இயக்குநர் ஒரு மாதம் அறையைவிட்டு வெளியே வராமல் கோப்புகளைப் படித்தார். பிறகு எங்கள் எல்லோரையும் வொர்க்‌ஷாப்பில் கூட்டி, லேத் மெஷின் பக்கத்தில் ஒரு மேஜை போடச் சொல்லி அதன்மேல் ஏறி நின்று பேசினார்.

"நம்ம மேல ஏன் இவ்வளவு புகார் வருது? பம்ப் ஓடாததாலயா? கிடையாது. நாம சிம்பிள் பாஸ்ட்ல எழுதறதால. 'பம்பை ரிப்பேர் செய்தேன்'னு எழுதினா படிக்கிறவன் என்ன கேப்பான்? எப்ப செஞ்சேன்னு கேப்பான். தேதியைச் சொன்னா, அப்புறம் ஏன் தண்ணி வரலன்னு கேப்பான். பிரசென்ட் பெர்ஃபெக்ட்ல அந்தத் தொல்லையே இல்ல. 'ஐ ஹாவ் ரிப்பேர்ட் தி பம்ப்.' முடிஞ்சது. எப்பன்னு கேக்கவே முடியாது. கேட்டா அவனுக்கு இங்கிலீஷ் தெரியலன்னு அர்த்தம். முப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு தேதிகூட எழுத்துல குடுத்ததில்ல. அதனாலதான் உங்க முன்னாடி இந்த இடத்துல நிக்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மேலதிகாரி மூச்சு வாங்கினால் தட்டிவிடுவது எங்கள் அலுவலகத்தில் பழக்கம்.

அடுத்த வாரமே வாக்கியப் பிரிவு என்று ஒன்று திறந்தார்கள். மீட்டர் பழுதுபார்க்கும் அறையைக் காலி செய்து, மீட்டர்களைக் கழிப்பறைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, அங்கே நான்கு மேஜைகள் போட்டார்கள். பிரிவுக்குத் தலைவராக, அதுவரை சாக்கடை அடைப்பு பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொறியாளரை நியமித்தார்கள். அவருக்கு 'இலக்கணப் பொறியாளர்' என்று பலகையும் மாட்டியாயிற்று. கையில் ஒரு சிவப்புப் பேனா, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். பேனாவைவிட ஸ்டாம்பைத்தான் அவர் ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டார். சாப்பிடப் போகும்போதும் சட்டைப் பையிலேயே இருக்கும்.

காலையில் வந்ததும் வரிசையில் நின்று, "ஐ ஹாவ், யூ ஹாவ், ஹீ ஹாஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். வால்வு திருப்புகிற ஆட்கள், பள்ளம் தோண்டுகிறவர்கள், வாட்ச்மேன் எல்லோருக்கும் இது உண்டு. 'ஹீ ஹாவ்' என்று சொன்னவர்களைத் தனியே நிறுத்திவைத்தார்கள். வாட்ச்மேன் நாலு நாள் அப்படி நின்றதில், கேட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஒரு மாடு உள்ளே வந்து ஃபைல் தின்றது. அந்தச் சம்பவத்தை "மாடு உள்ளே வந்திருக்கிறது" என்று பிழையில்லாமல் எழுதிய வகையில் வாட்ச்மேன் பாஸாகிவிட்டார்.

இந்த டென்ஸில் 'நேற்று', 'போன வாரம்' என்ற சொற்கள் வரக்கூடாதாம். அவை கண்ணில் பட்டால்தானே கையில் வரும் என்று யோசித்து, ஆபீஸிலிருந்த காலண்டர்களையெல்லாம் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினார்கள். கடிகாரங்கள் ஸ்டோருக்குப் போயின. டைப்பிஸ்ட் அம்மா, போன திங்கட்கிழமை ஜுரம் என்று விடுமுறைக் கடிதம் எழுதியிருந்தார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஐ ஹாவ் பீன் இல்" என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அப்படி எழுதினால் இன்னும் உடம்பு சரியாகவில்லை என்று அர்த்தமாம். ஆகவே மறுநாள் முதல் அவரைக் கேட்டிலேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். பாவம், தினமும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்துவிட்டு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

இதெல்லாம் போகட்டும். என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

முன்பெல்லாம் பம்பைச் சரிசெய்துவிட்டு வந்து டைரியில் ஒரு வரி கிறுக்கினால் போதும். இப்போது வாக்கியச் சீட்டு வந்துவிட்டது. சீட்டில் ஒரு வாக்கியம் எழுதி வாக்கியப் பிரிவில் கொடுக்க வேண்டும். இலக்கணம் சரியாக இருந்தால் ஸ்டாம்ப் விழும். ஸ்டாம்ப் விழுந்தால் அந்தப் புகார் முடிந்தது. முடிந்த புகாருக்கு ஸ்டோரிலிருந்து கருவி தரமாட்டார்கள்.

புகார் வாங்கும் டெலிபோனை, ஆள் குறைவு என்று ஸ்டோரிலே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். சகலைதான் எடுப்பார். எடுத்ததும், "தி கம்ப்ளெய்ன்ட் ஹாஸ் பீன் ரிசீவ்ட்" என்று ஒரு சீட்டு எழுதுவார். முத்து முத்தான எழுத்து. அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? புகார் வந்தது உண்மைதானே. இலக்கணப் பொறியாளர் ரசித்துப் படித்து ஸ்டாம்பைக் குத்துவார். புகார் முடிந்துவிடும்.

நான் போய் ஸ்பேனர் கேட்டால் சகலை பரிதாபமாகப் பார்ப்பார்.

"ஸ்டாம்ப் விழுந்துடுச்சே அண்ணே. முடிஞ்ச வேலைக்கு எப்படி நான் ஸ்பேனர் குடுப்பேன்?"

"எங்கய்யா முடிஞ்சது? அங்க ஒரு தெருவே வாளியைத் தூக்கிக்கிட்டு நிக்குது."

"முடியலன்னா அவங்க எப்படி ஸ்டாம்ப் வைப்பாங்க? அவ்வளவு படிச்சவங்க!"

கிண்டல் இல்லை. நிஜமாகவே நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக வரும். அவர் அயோக்கியனாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

நான் வீட்டிலிருந்து சொந்தக் கருவிப்பையைக் கொண்டுபோய் வேலையை முடித்தேன். வந்து, "ஐ ஹாவ் ரிப்பேர்ட் தி பம்ப் எஸ்டர்டே" என்று சீட்டு எழுதினேன். சிவப்புக் கோடு போட்டுத் திருப்பினார்கள். நேற்றுதானே செய்தேன், அதைச் சொல்ல என்ன தடை என்று கேட்டேன்.

"நேத்து செஞ்சது நேத்தோட போச்சு" என்றார் இலக்கணப் பொறியாளர். "இந்த ஆபீஸுக்கு நேத்துன்னு ஒண்ணு கிடையாது."

அரையாண்டு முடிவில் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். நான் ஓடவைத்த பம்புகள் நாற்பத்தொன்று. ஸ்டாம்ப் விழுந்த வாக்கியம் மூன்று. சகலை தொட்ட பம்பு ஒன்றுமில்லை. ஸ்டாம்ப் விழுந்த வாக்கியம் அறுநூற்றிருபது. காலியாகும் ஃபோர்மேன் இடத்துக்கு எங்கள் இருவரையும் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். அவர் பெயர் மேலே. நான் அந்தப் பலகையின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கடிகாரமும் இல்லையே.

அந்த நாற்காலிக்குத்தான் நான் பதினெட்டு வருஷம் சேற்றில் படுத்து எழுந்திருக்கிறேன். சகலை அதில் உட்கார்ந்து, நான் எதிரில் நின்று, "சார்" என்று கூப்பிட வேண்டிவந்தால்? குடும்பத்தோடு அவர் வீட்டுக்குப் போகும்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்?

மானத்தை விட்டு அவரிடமே பாடம் கேட்கப் போனேன். போட்டிக்கு நிற்கிறவனிடமே போய்ப் பாடம் கேட்கிறோமே என்று எனக்குக் கூச்சம். அவருக்கு ஒரே சந்தோஷம். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, நோட்டுப் புத்தகத்தை விரித்து, தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கொழுந்தியாள் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

"இது ரொம்ப சுலபம் அண்ணே. 'ஐ ஓப்பன்ட் தி டோர்'னா கதவைத் திறந்தேன், அவ்வளவுதான். அப்புறம் யாராவது மூடியிருக்கலாம். 'ஐ ஹாவ் ஓப்பன்ட் தி டோர்'னா கதவு இப்பவும் திறந்திருக்குன்னு எடுத்துக்கணும். காத்து வரணும். செஞ்சது அப்போ, பலன் இப்போ. பலன் இல்லன்னா அதைச் சொல்லவே கூடாது."

"ஆபீஸ்ல அப்படியா சொல்றாங்க?"

"அப்படித்தானே அண்ணே இருக்கும்? வேற எப்படி இருக்கும்?"

பத்து நாள் சொல்லிக்கொடுத்தார். கையால் செய்கிற வேலையையே பார்த்தவனுக்கு 'ஹாவ்', 'ஹாஸ்' எல்லாம் மண்டையில் ஏற நேரம் பிடித்தது. ஆனாலும் பொறாமைக்கு ஒரு குணம் உண்டு, தூங்கவிடாமல் படிக்க வைக்கும். பதினோராம் நாள் ஒரு பக்கம் முழுக்கத் தப்பில்லாமல் எழுதினேன். சகலை அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, பரீட்சையில் பிள்ளை பாஸான மாதிரி பூரித்துப்போனார்.

தேர்வு நாள். இயக்குநர், இலக்கணப் பொறியாளர், அப்புறம் வெளியிலிருந்து வந்த ஒரு நிபுணர். நிபுணர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அவர் மௌனத்தில்கூட இலக்கணப் பிழை இல்லை என்று பிறகு இயக்குநர் பாராட்டினார். ஒரே கேள்வி: 'உன் கையால் செய்த ஒரு பணியைப் பற்றி ஒரு வாக்கியம் எழுது.'

சகலையை முதலில் கூப்பிட்டார்கள். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். இயக்குநர் உரக்கப் படித்தார்: "ஐ ஹாவ் நெவர் டச்ட் எ பம்ப்."

"இலக்கணம் சரியாத்தான் இருக்கு" என்று இழுத்தார் இலக்கணப் பொறியாளர்.

"இலக்கணம் சரிய்யா! 'நெவர்'னு எழுதலாமா?" இயக்குநருக்கு முகம் சிவந்துவிட்டது. "இதை ஒருத்தன் படிச்சா என்ன நினைப்பான்? நாம ஒண்ணும் செய்யலன்னு நினைக்கமாட்டானா? செய்யாததைச் செய்யலன்னு எழுத ஒரு டிபார்ட்மென்ட் எதுக்கு? அதுக்கு இங்கிலீஷ் எதுக்கு?"

"உண்மை அதுதானே சார்" என்றார் சகலை.

அடுத்தது நான். என் சட்டைப் பையில் அன்று காலை வந்த புகார் ஒன்று இருந்தது. கிழக்குத் தெரு பம்ப் தண்ணீர் இழுக்கவில்லை. சகலை வீடு இருக்கும் தெரு. தேர்வு முடிந்ததும் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்து வைத்திருந்தேன். கையில் பேனா. எதிரில் மூன்று தலைகள். வெளியே சகலை தலையைக் குனிந்துகொண்டு போவது தெரிகிறது. நான் எழுதினேன்: "ஐ ஹாவ் ரிப்பேர்ட் தி பம்ப் இன் ஈஸ்ட் ஸ்ட்ரீட்."

போய்ச் செய்யத்தானே போகிறோம், நாலு மணி நேரம் முன்னே பின்னே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஸ்டாம்ப் விழுந்தது. மூன்று பேரும் எழுந்து நின்று கைகொடுத்தார்கள். அப்போதே, அங்கேயே ஃபோர்மேன். வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் கருவியைத் தொடக்கூடாது, அழுக்குப்படும் இடத்துக்குப் போகக்கூடாது என்று விதி. தவிரவும், ரிப்பேர் ஆகிவிட்டதாக நானே எழுதிக்கொடுத்த பம்ப் முன்னால், நானே போய்க் குந்தி உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

மூன்றாம் நாள் என் மனைவி இரண்டு கேன்களில் தண்ணீர் பிடித்து வாசலில் வைத்தாள்.

"எங்கே?" என்றேன்.

"தங்கச்சி வீட்டுக்கு. குடிக்கத் தண்ணியில்ல. அந்த பம்ப சரிபண்ணியாச்சுன்னுதானே சொன்னீங்க?"

"ரிப்பேர் ஆகியிருக்கு."

"எந்த ஊர்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று சகலை என் அறைக்கு வந்தார். கதவருகே தயங்கி நின்றார். "அண்ணே... சார்" என்றார். இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை பாடு? தேனாக இனித்திருக்க வேண்டும். எனக்குக் கசந்தது.

"எங்க தெருவுல தண்ணி வரல. ரெக்கார்டைப் பாத்தேன். பம்ப நீங்க சரிபண்ணியிருக்கீங்கன்னு இருக்கு. அப்போ கோளாறு வேற எங்கேயோதான் இருக்கணும். எங்க வீட்டுக் குழாய்ல இருக்குமா?"

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அந்தக் கண்ணில் இருந்த மரியாதை என்னைத் தடுத்தது. அது போய்விட்டால் ஃபோர்மேன் பதவியில் எனக்கு மிஞ்சுவது வெள்ளைச் சட்டை மட்டும்தான்.

"பாருங்க. குழாயா இருக்கலாம்" என்றேன்.

அந்த மனுஷர் லீவு போட்டுவிட்டு வீட்டுக் குழாய்களையெல்லாம் கழற்றினார். அடைப்பில்லை. மாடிக்கு ஏறித் தொட்டியைக் கழுவினார். கோளாறில்லை. வாசலில் பள்ளம் தோண்டி இணைப்பைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் மண்வெட்டியோடு சேர்ந்துகொண்டார்கள். தெருமுனை வால்வைப் பிரித்துப் பூட்டினார். பம்ப் மட்டும் சரியாக இருக்கிறது என்று அவருக்கு நிச்சயம். அதனால் பம்பைத் தவிர எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். இரண்டு நாளில் குழாய் வேலை முழுவதையும் கற்றுக்கொண்டுவிட்டார். குழாயைப் பின்தொடர்ந்து பின்தொடர்ந்து, வேறு போக இடமில்லாமல் கடைசியில் பம்ப் அறைக்கே வந்து சேர்ந்தார்.

அங்கிருந்த கிணற்றில் இறங்கி, தண்ணீர் இழுக்கும் குழாயின் அடிமுனையிலுள்ள வால்வைப் பிடித்து இழுத்துப் பார்த்தால், யாரோ போட்ட பழைய துணி ஒன்று வாயை அடைத்துக்கொண்டிருந்தது. அரை மணி நேர வேலை. எடுத்தெறிந்தார். ஆனால் காற்றுப் பிடித்துக்கொண்ட பம்ப் உடனே தண்ணீர் இழுக்காது; மேலேயிருந்து தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். தெருவில்தான் தண்ணீரே இல்லையே? அந்தத் தெருப் பெண்கள் குடிக்க வைத்திருந்த கடைசித் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்களாம். அவர் சொன்னால் வரும் என்று நம்பிக் கொடுத்தார்களாம். பதினெட்டு வருஷத்தில் எனக்கு ஒருத்தி ஒரு சொம்பு கொடுத்ததில்லை. தண்ணீர் வந்ததும் அவரைத் தூக்காத குறைதானாம். என் மனைவிதான் வந்து சொன்னாள். அவள் கொண்டுபோன கேனும் அந்த பம்புக்குள்தான் போயிருக்கிறது.

நாற்காலி எனக்கு, வெள்ளைச் சட்டை எனக்கு. ஆனாலும் கேட்கக் கேட்க எனக்குப் பொறாமை தாங்கவில்லை. என் பம்ப். என் வேலை. என் கையில் இருந்திருக்க வேண்டிய கிரீஸ்.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"ரிப்பேர் ஆன பம்ப ஒருத்தன் ரிப்பேர் பண்ணியிருக்கான். தெரியுமா?"

"தெரியும் சார்."

"இது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா? பம்ப் கெட்டுப்போறது தப்பில்ல. இயற்கை. நாம சரின்னு எழுதினதுக்கு அப்புறம் ஒருத்தன் போய் சரிபண்ணினா, நாம எழுதினது என்னாகுது? நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு வந்து நம்ம வாக்கியத்தையெல்லாம் ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சா நாம எங்க போறது? ரெண்டு மாசம் சஸ்பெண்ட். ஃபோர்மேன்ங்கிற முறையில நீங்கதான் மெமோ எழுதணும். கையில கொடுத்துக் கையெழுத்து வாங்கணும்."

எழுதமாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் நாற்காலி போய்விடும். உட்கார்ந்து எழுதினேன். 'ஏற்கெனவே ரிப்பேர் ஆகியிருக்கும் பம்பில் நீங்கள் கை வைத்திருக்கிறீர்கள்' என்று தொடங்கி நாலு வாக்கியம். இலக்கணப் பொறியாளர் சிவப்புப் பேனாவைத் திறக்கவே இல்லை.

சாயங்காலம் சகலை வீட்டுக்குப் போனேன். வாசல் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. "வாங்கண்ணே, வாங்க" என்று உள்ளே கூட்டிக்கொண்டுபோய் அதே நாற்காலியில் உட்கார வைத்தார். கொழுந்தியாள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் கவரை நீட்டினேன்.

பிரித்துப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து, விரலை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நீங்களா அண்ணே இப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவார் என்று காத்திருந்தேன். கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்றே நினைத்திருந்தேன்.

அவர் முகம் மலர்ந்தது.

"அண்ணே, ஒரு தப்புகூட இல்ல!" என்றார். "நாலு வாக்கியத்துல ஒண்ணுலகூட தடுமாறல!" பிறகு உள்ளே திரும்பி, "ஏய், இங்க வந்து பாரேன், அண்ணன் எவ்வளவு அழகா எழுதியிருக்காருன்னு!" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

அந்தக் குரலில் எங்கேயாவது துளி குத்தல் இருக்கிறதா, துளி வயிற்றெரிச்சல் இருக்கிறதா என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன். மருந்துக்குக்கூட இல்லை. தன்னைச் சஸ்பெண்ட் செய்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எழுதியவனுக்காக மனம் நிறைந்து சந்தோஷப்பட்டார் அவர்.

கையெழுத்துப் போட்டுத் தந்தார். வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். எனக்கு நாற்காலியும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். அவருக்கு வாய்த்திருக்கிற அந்த மனசு ஏன் எனக்கு வாய்க்கவில்லை என்று, பஸ் ஸ்டாப் வரும்வரை பொறாமையில் வெந்துகொண்டே நடந்தேன்.